குடியிருந்ததால் நிலைத்த கற்கள்: டால்மேஷியக் கடற்கரையும் அதன் மரபும்

மத்தியதரைக் கடலிலிருந்து வடமேற்கே கிளைத்து நீளும் ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய குரோஷியா நாட்டின் தென்பகுதியாக அமைந்த நிலப்பரப்பு டால்மேஷியா எனப்படும். கோடைதோறும் அங்குத் திரளும் பயணிகளுள் பெரும்பாலோர், பகலில் கடலாடுவது, வெயில் தாழ்ந்தபின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பது என்று இரு வேறு நோக்கங்களோடு வருகின்றனர். பயணக் கையேடுகளும் கடற்கரைக்கு ஒரு பகுதி, மரபுச் சின்னங்களுக்கு ஒரு பகுதி என்று பிரித்தே அச்சிடப்படுகின்றன. இந்தப் பிரிவினை அக்கரையின் இயல்புக்குப் பொருந்துவதன்று என்பதும், அங்குள்ள கடற்கரையும் அரண்மனையும் திராட்சைத் தோட்டமும் பேராலயமும் ஒரே வகைக் கல்லிலிருந்தும், அந்தக் கல்லை விட்டு அகலாமல் குடியிருந்த மக்களிடமிருந்தும் தோன்றியவை என்பதும் இச்சொற்பொழிவில் எடுத்துக்கொள்ளப்படும் கருத்தாகும்.

டால்மேஷியாவின் மலைத்தொடர்கள் கரைக்கு இணையாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றன. கடைசிப் பனியூழி முடிந்து கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்தபோது, தொடர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளில் நீர் புகுந்து அவை நீரிணைகளாயின. மலைமுகடுகள் நீண்டு ஒடுங்கிய தீவுகளாக எஞ்சின. உலகின் எப்பகுதியில் இத்தகைய அமைப்பைக் கண்டாலும் நிலவடிவியலாளர்கள் அதனை 'டால்மேஷிய வகைக் கரை' என்றே குறிப்பிடுகின்றனர். குரோஷியக் கடலில் தீவு, திட்டு, நீர்மட்டத்தில் தலைகாட்டும் பாறை எல்லாவற்றையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் மக்கள் நிலையாக வாழ்பவை ஏறத்தாழ 50 மட்டுமே.

மலையும் தீவும் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பிளவுகள் வழியே நிலத்தடிக்கு இறங்கிவிடும். இவ்வாறு குழிகளும் குகைகளும் மறைவான நீரோட்டங்களும் நிறைந்த நிலத்தைக் 'கார்ஸ்ட்' என்பர். இத்தகைய நிலத்தின் மேற்பரப்பில் ஆறுகள் குறைவு. ஆறுகள் குறைந்தால் கடலுக்கு வரும் வண்டலும் மணலும் குறைவு. டால்மேஷியக் கடற்கரைகளிற் பெரும்பாலானவை கூழாங்கற்களாலும் வெறும் பாறைத் தட்டுகளாலும் அமைந்திருப்பதற்கும், பல மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கல்லை எண்ணிவிடலாம் என்னும்படி நீர் தெளிந்திருப்பதற்கும் காரணம் ஒன்றே. மணலை எதிர்பார்த்து வந்து ஏமாற்றமடைபவர் முதல் நாளே கடைக்குச் சென்று ரப்பர்ச் செருப்பு வாங்குகின்றனர். பாறை இடுக்குகளில் ஒட்டியிருக்கும் கடல்முள்ளெலி என்னும் முட்கள் நிறைந்த உயிரினத்தை மிதித்துவிடாதிருக்க அது தேவைப்படுகிறது. பிராச் தீவின் தென்கரையில் போல் என்னும் ஊரையடுத்துக் கடலுக்குள் நாக்குப்போல் நீண்டிருக்கும் ஸ்லாட்னி ராட் என்ற புகழ்பெற்ற கடற்கரையும் கூழாங்கல் திட்டே. காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் அதன் முனை ஒருமுறை கிழக்கேயும் ஒருமுறை மேற்கேயும் வளைகிறது.

அக்கரை மக்கள் நாளைக் கணிப்பது காற்றைக் கொண்டே. வடகிழக்கே மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்திறங்கும் குளிர்ந்த வறண்ட காற்று 'பூரா'. தென்கிழக்கிலிருந்து ஈரத்தையும் முகிலையும் உயர்ந்த அலையையும் கொண்டுவருவது 'யூகோ'. கோடைப் பகலில் கடலிலிருந்து இதமாக வீசுவது 'மயெஸ்ட்ரால்'. யூகோ வீசும் நாட்களில், தென்கோடியில் முன்னர் இருந்த துப்ரோவ்னிக் குடியரசின் அவை முக்கிய முடிவெதையும் எடுப்பதில்லை என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அதை வரலாறாகக் கொள்வதைவிட, காற்றின்மீது பழிபோட அம்மக்களுக்குள்ள ஆர்வத்துக்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

கடற்கரை என்பதும் மரபின் ஒரு பகுதியே என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஒன்று சட்டம் சார்ந்தது. கடற்கரை இயற்கை நியதிப்படி எல்லாருக்கும் பொதுவானது, அதை எவரும் தமதாக்கிக்கொள்ள இயலாது என்பது பழைய ரோமானியச் சட்டநூல்கள் வகுத்த நெறி. குரோஷியச் சட்டத்தில் 'கடல்சார் பொதுவுடைமை' என்ற பெயரில் இன்றும் அது தொடர்கிறது. கரையின் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த உரிமம் பெறலாமே தவிர, யாரும் அதை விலைக்கு வாங்கிவிட முடியாது. சாய்வு நாற்காலிகளையும் குடைகளையும் வரிசையாகப் பரப்பி, பணம் கொடுப்போரை மட்டும் உட்காரவிடும் விடுதிகளுக்கு எதிராக ஊர்மக்கள் எழுப்பும் பூசல் இந்தப் பழைய நெறியின் பெயராலேயே நடைபெறுகிறது.

மற்றொன்று ஒரு விளையாட்டு. ஸ்ப்ளிட் நகரின் பாச்விட்சே கடற்கரை அந்தக் கரையின் அரிய மணற்பாங்கான இடங்களுள் ஒன்று. வெகுதூரம் சென்றாலும் அங்கு நீர் கணுக்காலுக்குச் சற்றே மேல்தான் நிற்கும். அந்த ஆழமற்ற நீரில், மேலுறை உரிக்கப்பட்ட சிறு டென்னிஸ் பந்தொன்றை உள்ளங்கையால் தட்டித் தட்டி, அது நீரில் விழாதபடி வட்டமாக நின்று ஆடுவது 'பிட்சிகின்' எனப்படும். இதில் அணி இல்லை, புள்ளி இல்லை, வென்றவரும் தோற்றவரும் இல்லை. எட்டாத பந்துக்காகப் பக்கவாட்டில் பாய்ந்து நீரில் விழுவதன் அழகுக்கே மதிப்பு. புத்தாண்டு நாளின் குளிர்நீரிலும் முதியவர்கள் இதனை ஆடுவர். குரோஷிய அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட கலைமரபாகப் பதிவு செய்திருப்பது, அதே நகரிலுள்ள ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குக் கிடைத்த மதிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

அந்த அரண்மனைக்கு உரிய கல் பிராச் தீவிலிருந்து வந்தது. அத்தீவின் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் இழைப்பு நெருக்கமானது, உளிக்கு இணங்குவது, மெருகிட்டால் பளிங்கெனத் தோன்றுவது. ஷ்க்ரிப் என்னும் ஊருக்கருகே ரோமானியர் காலக் கற்குவாரிகள் இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றில், அக்காலத் தொழிலாளர் உடல்வலிமையின் தெய்வமாகிய ஹெர்க்குலிசின் உருவத்தைப் பாறைச் சுவரிலேயே புடைப்பாகச் செதுக்கி வைத்துள்ளனர். அதே தீவின் புச்சிஷ்சா துறைமுகத்திலுள்ள கல்தச்சர் பள்ளியில், ரோமானியர் கையாண்டவற்றை ஒத்த பல்லுளிகளையும் சுத்தியலையும் கொண்டு மாணவர்கள் இன்றும் கையாலேயே கல் கொத்தப் பழகுகின்றனர். வாஷிங்டனின் வெள்ளை மாளிகை பிராச் கல்லால் கட்டப்பட்டது என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வதுண்டு. அதன் சுவர்கள் வர்ஜீனியாவின் மணற்கல்லால் எழுப்பப்பட்டவை. பிராச் கல்லுக்கு அந்த இரவல் பெருமை தேவையில்லை.

சலோனா ரோமானியரின் டால்மேஷிய மாகாணத்துக்குத் தலைநகராக இருந்தது. அதன் சுற்றுப்புறத்தில் எளிய குடியில் பிறந்து, படையில் உயர்ந்து பேரரசரான டயோக்ளீஷியன், 305-ஆம் ஆண்டு மே முதல் நாள் தாமாகவே பதவி துறந்தார். ரோமானியப் பேரரசர்களில் இது புதுமையான செயல். ஓய்வுக்காலத்துக்கென அவர் முன்னரே சலோனாவுக்கு அருகிலிருந்த விரிகுடாவில் ஓர் அரண்மனையைக் கட்டுவித்திருந்தார். ஏறத்தாழ 215 மீட்டர் நீளமும் 180 மீட்டர் அகலமும் கொண்ட அது, பாதி மாளிகை, பாதி படைக்கோட்டை. தெற்கு மதிலின் அடியைக் கடலலை தொட்டது. அங்கிருந்த சிறு வாயிலுக்குப் படகு நேராக வந்து நின்றது. இன்று அம்மதிலுக்கு முன்னே கடல் தூர்க்கப்பட்டு, பனைமரங்களும் காப்பிக்கடைகளும் நிற்கும் அகன்ற நடைபாதை அமைந்திருப்பதால், அந்தத் தோற்றத்தைக் கற்பனையிலேயே மீட்டுக்கொள்ள வேண்டும். நடுமுற்றத்தில் எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையான கருங்கல் ஸ்பிங்ஸ், அதாவது சிங்கவுடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை, இன்றும் படுத்திருக்கிறது.

அரண்மனையின் உண்மையான வரலாறு பேரரசர் மறைந்த பின்னரே தொடங்குகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவார்களும் சிலாவியரும் படையெடுத்துச் சலோனா அழிந்தபோது, தப்பிய மக்களிற் பலர் ஆளற்றுக் கிடந்த அந்த மதில்களுக்குள் புகுந்து குடியேறினர். தூண்களுக்கிடையே சுவரெழுப்பி வீடுகள் கட்டினர்; காவலர் நடந்த ஒடுங்கிய பாதையொன்றில், வடக்கு வாயிலுக்கு மேலே, இரண்டு மீட்டருக்கும் குறைந்த அகலமுடைய புனித மார்ட்டின் சிற்றாலயத்தை அமைத்தனர்; யூப்பிட்டர் கோயில் திருமுழுக்கு மண்டபமாயிற்று. டயோக்ளீஷியன் தமக்கென எழுப்பிய எண்கோணக் கல்லறை மண்டபம் பேராலயமாக மாற்றப்பட்டு, புனித தொம்னியுஸ் பெயருக்கு உரியதாக்கப்பட்டது. அந்தத் தொம்னியுஸ், டயோக்ளீஷியன் நடத்திய கிறிஸ்தவர் ஒடுக்குமுறையின்போது 304-இல் சலோனாவில் கொல்லப்பட்ட ஆயர். கொன்றவரின் உடல் எங்கோ மறைய, கொல்லப்பட்டவர் அவருடைய மண்டபத்தில் வழிபாடு பெறுகிறார். இதைவிடக் கூரிய தீர்ப்பை எந்த வரலாற்றாசிரியரும் எழுதிவிட முடியாது.

1757-இல் இராபர்ட் ஆடம் என்னும் ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞர் வரைபடக் குழுவொன்றுடன் ஸ்ப்ளிட்டுக்கு வந்து சில வாரங்கள் தங்கி அரண்மனையை அளந்தார். அப்போது நகரை ஆண்ட வெனிஸ் அதிகாரிகள், கோட்டையை வேவுபார்க்க வந்தவரோ என்று ஐயுற்றனர். 1764-இல் அவர் வெளியிட்ட பெரிய படநூல், பிரிட்டனின் மாளிகைக் கட்டுமான முறையையே மாற்றுமளவுக்குச் செல்வாக்குப் பெற்றது. ஆனால் ஆடமின் வரைபடங்கள் பலவற்றில் குடியிருப்பு வீடுகள் இயன்றவரை நீக்கப்பட்டு, அரண்மனை தூய தொடக்கநிலையில் காட்டப்படுகிறது. அழிபாட்டை விரும்பிய கண்ணுக்கு அங்குத் துணி உலர்த்திய மக்கள் இடையூறாகவே பட்டிருக்க வேண்டும். உண்மையில், கற்களைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் ரோமானிய உலகெங்கும் நிலவியபோது, இந்த மதில்கள் தப்பியதற்கு அவை குடியிருப்பவர்களின் வீட்டுச் சுவர்களாக இருந்ததே தலையாய காரணம்.

நிலவறைகளின் கதை இதற்கு இன்னும் வேடிக்கையான சான்று. கடலை நோக்கிச் சரியும் நிலத்தில் பேரரசரின் வாழறைகளைச் சமமட்டத்தில் தாங்குவதற்காக, அவற்றின் அடியில் வளைவுக் கூரையுள்ள பெருங்கூடங்கள் கட்டப்பட்டன; மேலே எந்த இடத்தில் எந்த வடிவில் அறை இருந்ததோ, கீழேயும் அதே வடிவில் கூடம் அமைந்தது. மேலே வீடுகட்டிய இடைக்கால மக்கள் தரையில் துளையிட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே கொட்டினர். நூற்றாண்டுக் கணக்கில் கூடங்கள் நிரம்பி அடைபட்டுக் கிடந்ததால் அவற்றின் சுவர்களை எவரும் இடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவை தோண்டித் துப்புரவாக்கப்பட்டபோது, மேல்தளத்தில் மறைந்துபோன பேரரசரின் அறைகளுடைய முழு வரைபடமும் கீழ்த்தளத்திலிருந்து கிடைத்தது. 1979-இல் யுனெஸ்கோ உலக மரபுச்சின்னப் பட்டியலில் சேர்த்தது அரண்மனையை மட்டுமன்று; அதனுள் வளர்ந்த இடைக்கால நகரையும் சேர்த்தே. வாழறைகளுக்கு முன்னுள்ள, கூரை திறந்த வட்ட மண்டபத்தில் 'கிளாப்பா' எனப்படும் பாடற்குழுவினர் பகல்தோறும் பாடுகின்றனர். இசைக்கருவியின்றிச் சிலர் தோளோடு தோள் நின்று பல குரல்களை ஒத்திசைத்துப் பாடும் இம்முறையை யுனெஸ்கோ 2012-இல் அங்கீகரித்தது. குறுந்தட்டு விற்பதற்காகப் பாடப்படுகிறது என்று சிலர் முகஞ்சுளித்தாலும், அந்தக் கல்வட்டத்தில் குரல் எழும்பும் விதத்தைப் பழிக்க முடியாது.

ஷிபெனிக் நகரின் புனித யாக்கோபு பேராலயம் கல்லின் திறனுக்கு எல்லைக்கல். 1431-இல் தொடங்கி 1535-இல் நிறைவுற்ற அதன் கட்டுமானத்தில் செங்கல்லோ மரச்சட்டமோ பயன்படவில்லை. கல்விலா எலும்புகளில் வெட்டிய காடிகளில் பெருங்கற்பலகைகளைச் செருகி, தச்சர் மரத்தை இணைப்பதுபோலவே கூரையும் குவிமாடமும் பொருத்தப்பட்டன. யுராய் டால்மட்டினாட்ஸ் என்ற தலைமைச் சிற்பி, வெளிச்சுவரைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட மனிதத் தலைகளை வரிசையாகச் செதுக்கினார். அவை தேவதூதரோ புனிதரோ அல்ல. சுருக்கம் விழுந்த கிழவர், தலைப்பாகை அணிந்தவர், கொட்டாவி விடுவார்போல் வாய்திறந்தவர் என நகரத் தெருவில் எதிர்ப்பட்டவர்களே. நன்கொடை தர மறுத்த கருமிகளின் முகங்கள் இவை என்று ஊரார் கதை கட்டியுள்ளனர்.

உழவு மரபுக்கு ஹ்வார் தீவைப் பார்க்க வேண்டும். கி.மு. 384-இல் ஈஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர் அங்கு ஃபாரோஸ் என்ற ஊரை நிறுவி, அதையொட்டிய சமவெளியை நேர்கோட்டுப் பாதைகளாலும் கல்வேலிகளாலும் நீள்சதுர வயல்களாகப் பங்கிட்டனர். இன்று ஸ்தாரி கிராட் எனப்படும் அந்த ஊரின் சமவெளியில் அதே எல்லைக்கோடுகளுக்குள் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. 2008-இல் அது உலக மரபுச்சின்னமாயிற்று. சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கும் வேலிகள் அழகுக்காக எழுந்தவையல்ல. நிலத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிக் குவித்தாலன்றி வேர்விட மண்ணே இல்லை என்பதால் எழுந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பேன் திராட்சைக் கொடிகளை அழித்தபோது, இத்தீவுகளின் இளைஞர் சிலிக்கும் நியூசிலாந்துக்கும் கலிபோர்னியாவுக்கும் கப்பலேறினர். குன்றுச்சரிவுகளில் பைன்மரங்களுக்குள் மறைந்து கிடக்கும் வேலிகள் அவர்கள் விட்டுச்சென்ற தோட்டங்களின் எல்லைகள். கடற்கரைக்கு நடந்து செல்பவர் காட்டையே காண்கிறார், கைவிடப்பட்ட உழைப்பைக் காண்பதில்லை. சுற்றுலாவும் இங்குப் புதிதன்று: மிதமான குளிர்காலத்தை நாடிவரும் நோயாளிகளுக்காக 1868-இலேயே ஹ்வாரில் ஒரு நலவாழ்வுச் சங்கம் தொடங்கப்பட்டது.

தென்கோடியிலுள்ள துப்ரோவ்னிக், இரகூசா என்ற பெயரில் 1358 முதல் 1808 வரை தன்னைத்தானே ஆண்டுகொண்ட சிறு வணிகக் குடியரசு. அதன் வலிமை படையில் இல்லை, கணக்கில் இருந்தது. ஓட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசு திறையாகச் செலுத்தி, பால்கன் உட்பகுதி முழுவதும் வணிகம் செய்யும் உரிமையைப் பெற்றது. 'ரெக்டர்' எனப்பட்ட ஆட்சித்தலைவரின் பதவிக்காலம் ஒரே மாதம். அம்மாதம் முழுவதும் அரசுப்பணிக்கன்றி மாளிகையை விட்டு அவர் வெளிவரக் கூடாது. கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாட்கள் தனித்திருக்க வேண்டுமென 1377-இல் சட்டம் இயற்றி, நோய்த்தடுப்பு ஒதுக்கத்துக்கு முன்னோடியானது. 1416-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. வெனிஸ் மீதிருந்த அச்சத்தால், 1699-இன் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையை ஒட்டித் தன் எல்லையில் ஒரு துண்டு நிலத்தை ஓட்டோமான்களுக்கே விட்டுக்கொடுத்தது. நெயும் என்னும் அந்தத் துண்டே இன்று போஸ்னியாவின் ஒரே கடற்கரை. துப்ரோவ்னிக்கைக் குரோஷியாவின் பிற பகுதியிலிருந்து பிரித்து வந்த அதைத் தவிர்ப்பதற்காகவே 2022-இல் பெலியெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டது. முந்நூறாண்டுக்கு முந்தைய அரசதந்திரத்துக்கு இந்த நூற்றாண்டு பாலம் கட்டிக் கடன் தீர்த்தது.

1667-ஆம் ஆண்டின் நிலநடுக்கம் நகரைத் தரைமட்டமாக்கியபின், ஸ்ட்ராதுன் என்னும் முதன்மைத் தெருவின் இருமருங்கும் ஒரே உயரமும் முகப்பும் உடைய வீடுகள் எழுந்தன. அவற்றின் கீழ்த்தளக் கடைகளில் ஒரு நுட்பத்தைக் காணலாம்: கதவும் சன்னலும் ஒரே வளைவுக்குள் இணைந்து, பாதியளவு உயர்ந்த கல்திண்டு கடையின் மேசையாகப் பயன்படும், வணிகர் உள்ளிருந்தே பொருளை நீட்ட, வாங்குபவர் தெருவில் நின்றே பெற்றுக்கொள்வார். குரோஷிய விடுதலைப் போரின்போது, 1991 டிசம்பர் 6 அன்று, நகரை முற்றுகையிட்டிருந்த யூகோஸ்லாவியப் படையின் குண்டுகள் இந்த வீடுகளின்மேல் விழுந்தன. முற்றுகைக்குப்பின் எடுத்த கணக்கில் பழைய நகரின் 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் தாக்குண்டிருந்தது தெரியவந்தது; பின்னர் பன்னாட்டுத் தீர்ப்பாயம் பண்பாட்டுச் சின்னங்களின் அழிவையும் போர்க்குற்றமாகக் கணக்கிட்டு, பொறுப்பான தளபதிகளுக்குத் தண்டனை வழங்கியது. மதில்மேல் நடப்பவர் கூரைகளைப் பார்த்தாலே போர் தெரியும்: வெளிறிய மஞ்சள் ஓடு பழையது, பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடு புதியது.

கூரைகள் மீண்டன, கூரைக்கடியில் இருந்தவர்கள் மீளவில்லை. போருக்குப்பின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணியர் தங்குமிடங்களாக மாற, மளிகைக்கடை நினைவுப்பொருள் கடையாயிற்று; மதிலுக்குள் வாழும் குடும்பங்கள் பெரிதும் சுருங்கின. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் இங்குப் படமாக்கப்பட்டபின், குடியரசின் வரலாற்றை அறியாது கற்பனை அரசின் தலைநகரைத் தேடிவருவோரும் கூடினர். நெரிசலைக் குறைக்க, 2019 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பயணக் கப்பல்களுக்கும் ஏறத்தாழ 4,000 பயணிகளுக்கும் மேல் வரக்கூடாதென நகராட்சி கப்பல் நிறுவனங்களோடு உடன்பட்டது. மதிலுக்குள் புதிய வாடகைத் தங்குமிட உரிமங்கள் வழங்குவதையும் அண்மையில் நிறுத்தியுள்ளது. இவை தேவையானவை, எனினும் வருவோரை எண்ணுவது எளிது, போனவரைத் திரும்ப அழைப்பது கடினம். ஏழாம் நூற்றாண்டில் அகதிகள் ஸ்ப்ளிட்டுக்குச் செய்ததை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் விடுதிகள் துப்ரோவ்னிக்குக்குச் செய்ய இயலாது. தங்கிச் செல்பவர் சுவரைத் தம் வீட்டுச் சுவராகக் கருதுவதில்லை.

ஆகவே இக்கரையின் பண்பாட்டை அறிய விரும்புவோர் ஆகஸ்டு மாதத்தைத் தவிர்ப்பது நலம். மே 7 அன்று ஸ்ப்ளிட்டில் புனித தொம்னியுஸ் விழா நடைபெறுகிறது. பிப்ரவரி 3 அன்று துப்ரோவ்னிக் தன் காவலராகிய புனித விலாஹோவின் விழாவைக் கொண்டாடுகிறது. 2009-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற இவ்விழாவில் சுற்றுக் கிராமத்தார் மரபுடை அணிந்து, ஆளுயரத்தை விஞ்சும் கொடிகளைச் சுமந்து மதில்வாயில் வழியே நுழைகின்றனர். புனிதர் தொண்டை நோய் தீர்ப்பவராகக் கருதப்படுவதால், குருமார் இரு மெழுகுவத்திகளைக் குறுக்காகப் பிணைத்து ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்து ஆசி வழங்குவர். கடலில் இறங்கப் பெரும்பாலோர் துணியாத அந்தக் குளிர்நாளில், கோடையில் பயணிகளின் நெரிசலுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த புறநகர்வாசிகளும் தெருவுக்கு வருகின்றனர்; ஸ்ட்ராதுனில் அன்று காதில் விழுவது பெரும்பாலும் குரோஷிய மொழியே.